நன்றியைக் கையால் சொல்லப் பழக்குவது: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொடக்கப் பள்ளியில் பல வருடம் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் எடுத்தவள் நான். பெற்றோர் கூட்டம் முடிந்து, செருப்பை மாட்டிக்கொண்டே "ஒண்ணு கேக்கணும் டீச்சர்" என்று சிலர் ஆரம்பிப்பார்கள். மதிப்பெண்ணைப் பற்றிய கவலைக்கு அடுத்தபடி அதிகம் வந்தது, பிள்ளைக்கு நன்றியுணர்வு எப்படி வரும், அதைப் பிறருக்கு உதவுகிற பழக்கமாக எப்படி மாற்றுவது என்பதுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். பதில்களை மட்டும் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.

"தேங்க்யூ சொல்லுன்னா என் பையன் டக்குன்னு சொல்லிடறான். அது போதாதா டீச்சர்? உதவி வேற எதுக்குச் செய்யணும்?"

சொல்லட்டும், நிறுத்த வேண்டாம். ஆனால் ஐந்து வயதில் அந்த வார்த்தை பெரும்பாலும் அம்மாவின் முறைப்பிலிருந்து தப்பிக்கும் வழிதான். கை பொம்மையை வாங்கும், கண் பொம்மையிலேயே இருக்கும், வாய் மட்டும் "தேங்க்யூ ஆன்ட்டி" என்று சொல்லிவிடும். கொடுத்த ஆன்ட்டியை அவன் ஏறிட்டே பார்த்திருக்க மாட்டான்.

உதவி செய்வதென்றால் பார்த்தே ஆகவேண்டும். அவருக்கு என்ன கஷ்டம், எது கையில் கனக்கிறது, எதற்கு நேரம் போதவில்லை என்று கவனிக்காமல் ஒருவருக்கு உதவ முடியாது. மாட்டுப் பொங்கலன்று நாம் மாட்டிடம் நன்றி என்று வாயால் சொல்வதில்லை. குளிப்பாட்டுகிறோம், கொம்புக்கு வண்ணம் அடிக்கிறோம், பொங்கல் ஊட்டுகிறோம், அன்றைக்கு ஏரில் பூட்டாமல் விடுகிறோம். நம் வீடுகளில் இந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதை மனிதர்களிடமும் செய்யச் சொல்வதுதான் மீதி வேலை.

"எந்த வயசுல ஆரம்பிக்கலாம்? என் பொண்ணுக்கு இப்பதான் ஒண்ணரை வயசு."

அவளே ஆரம்பித்திருப்பாள், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பதினெட்டு மாதக் குழந்தைகள் முன்னால் ஒருவர் துணிக் கிளிப்பைக் கீழே தவறவிட்டு, எட்டாத மாதிரி கையை நீட்டுவார். இரண்டு கையிலும் பத்திரிகைக் கட்டுடன் மூடிய அலமாரியில் போய் முட்டிக்கொண்டு நிற்பார். 'எடுத்துக் கொடு', 'திறந்து விடு' என்று யாரும் சொல்லவில்லை. பெரும்பாலான குழந்தைகள் ஒரு தடவையாவது தாமாகவே போய் உதவின.

ஆகவே நாம் புதிதாக எதையும் ஊட்ட வேண்டியதில்லை, வருவதை விரட்டாமல் இருந்தால் போதும். துணி மடிக்கும்போது கைக்குட்டைகளை அவளிடம் கொடுங்கள். கறிவேப்பிலை உருவச் சொல்லுங்கள், கீழேதான் பாதி விழும். வேலை ரெட்டிப்பாகும் என்பது நிஜம், அதனால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற காலை வேளையில் இந்தப் பரீட்சை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போதும். மூன்று வயதில் "நீ போய் விளையாடு, எனக்கு வேலை கெடுது" என்று அனுப்பிவிட்டு, பத்து வயதில் "ஒரு துரும்பை எடுத்துப் போடமாட்டேங்கறான்" என்று என்னிடம் வந்து புகார் சொன்ன பெற்றோர் நிறைய.

"யாருக்கு உதவணும்னு பிள்ளைக்குச் சொல்றது? எங்களுக்கா, வெளியாளுக்கா?"

பிள்ளையோடு உட்கார்ந்து, இன்று காலையிலிருந்து யார் யார் உழைப்பு அவன் உடம்பில் சேர்ந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். பால் போட்டவர், டிபன் கட்டியவர், ஆட்டோ ஓட்டியவர், பள்ளி ஆயாம்மா, குப்பை எடுத்தவர். பட்டியலில் வீட்டாரும் வருவார்கள், வெளியாரும் வருவார்கள். அதிலிருந்து ஒருவரை அவனே தேர்ந்தெடுக்கட்டும். எல்லோருக்கும் ஒரே வாரத்தில் உதவிவிட முடியாது.

பள்ளிச் சமையல்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. காலைச் சாப்பாட்டைப் பெரும்பாலும் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள், அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. அடுப்புப் பக்கம் பிள்ளைகள் போகக்கூடாது. ஆனால் இன்று எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்ற எண்ணிக்கையைச் சீட்டில் எழுதிச் சீக்கிரம் கொண்டுபோய்க் கொடுப்பது ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையால் முடியும். அந்தச் சீட்டு தாமதமானால் உலை வைப்பது தாமதமாகும். தட்டில் மிஞ்சியதைத் தொட்டியில் வழித்துப் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போவதும் உதவிதான். கழுவுமிடத்தில் சாக்கடை அடைத்துக்கொண்டால் குச்சியை விட்டுக் குத்துவது அந்த அம்மாக்கள்தான்.

"குப்பை எடுக்க வர்ற அம்மாவுக்கு எட்டு வயசுப் பையன் என்னங்க செய்ய முடியும்?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் பதில் நிறைய இருக்கிறது. முதலில் பையனிடம், "நம்ம வீட்டுக் குப்பையில அவங்க கை எங்க வெட்டுப்படும்?" என்று கேளுங்கள். அவனே கண்டுபிடிப்பான்: உடைந்த டம்ளர், ஃபியூஸ் போன பல்பு, அப்பாவின் பிளேடு, தகர டப்பாவின் மூடி, தாத்தாவின் இன்சுலின் ஊசி. ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுவதும் கண்ணாடித் துண்டுகளை எடுத்துச் செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றுவதும் பெரியவர் வேலை. அதன்மேல் டேப் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதி, வாளியில் போடாமல் கையில் தனியாகக் கொடுப்பது பையன் வேலை.

அடுத்தது பிரிப்பது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலிருந்து வரும் ஆபத்தான குப்பை என்று வீட்டிலேயே பிரிக்க வேண்டும், நாப்கினையும் டயப்பரையும் நன்றாகச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். நாம் பிரிக்காமல் விட்டால் அந்த வேலை மறைந்துவிடாது. வெயிலில் நின்று அவர் கையால் பிரிக்கிறார். பால் கவரின் மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல் கவரோடு ஒட்டியிருக்கும்படி வெட்டுவது, அலசிக் காயவைப்பது எல்லாம் பிள்ளைகள் ஆர்வமாகவே செய்வார்கள். மாடி வீடாக இருந்தால் விசில் சத்தம் கேட்டதும் வாளியோடு இறங்கி நிற்கட்டும், அவர் படியேற வேண்டாம். அவர் பெயர் என்ன என்றும் கேட்டுக்கொள்ளட்டும்.

தீபாவளிக்கு மறுநாள் காலை என்று ஒன்று இருக்கிறது. தெரு முழுக்க வெடித்தாள் குப்பை. அன்று அவர் வருவதற்கு முன்னால் நம் வாசலை நாமே கூட்டி, பட்டாசுக் குப்பையைத் தனிச் சாக்கில் கட்டி வைத்துவிடலாம். வெடிக்காமல் கிடப்பதைப் பிள்ளைகள் தொடக்கூடாது, பெரியவர்கள் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்க வேண்டும். இனிப்புப் பொட்டலமும் கொடுங்கள், ஆனால் கூட்டிய வாசலைப் பார்த்ததும் அவர் முகத்தில் தெரிகிற நிம்மதியைப் பையன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

"சம்பளம் வாங்கிட்டுத்தானே செய்யறாங்க, அவங்களுக்கு எதுக்கும்மா நன்றின்னு பையன் கேக்குறான். என்ன சொல்றது?"

டாக்டருக்கும் ஃபீஸ் கொடுத்துவிட்டுத்தான் வருகிறோம். அவரைக் கையெடுத்துக் கும்பிடும்போது இந்தக் கேள்வி யாருக்கும் வருவதில்லை. இதைப் பையனிடம் அப்படியே சொல்லுங்கள், புரியும்.

இன்னொன்று, சம்பளம் அவர் உரிமை, நன்றி அதற்கு ஈடாகாது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு ஒண்ணாம் தேதிச் சம்பளத்தைப் பத்தாம் தேதி கொடுத்துவிட்டு, பிள்ளையை விட்டு அவருக்கு வாழ்த்து அட்டை செய்யச் சொல்வது நன்றாக இருக்காது. தீபாவளி போனஸ் கொடுக்கும்போது நாம் முணுமுணுப்பதையும் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

"என் பொண்ணு தாத்தாவுக்கு நன்றின்னு தன் வாயில இருந்த ஜவ்வு மிட்டாயைப் பிச்சுக் கொடுக்குறா. அவருக்குச் சர்க்கரை வியாதி!"

தாத்தா வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளட்டும், சலவைக்குப் போடும்போது நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் செய்தது வயதுக்குச் சரியான காரியம். 1938-ல் சுவிட்சர்லாந்தில் ஃபிரான்சிஸ்கா பாம்கார்ட்டன் டிராமர் என்ற உளவியலாளர் ஏழு வயது முதல் பதினைந்து வயதுவரை உள்ள பிள்ளைகளிடம் இரண்டு கேள்வி கேட்டார். உன் மிகப் பெரிய ஆசை எது? அதை நிறைவேற்றித் தருகிறவருக்கு நீ என்ன செய்வாய்? சின்னவர்கள் பலர் தங்களுக்குப் பிடித்ததையே கொடுப்பதாகச் சொன்னார்கள், பொம்மை, படப்புத்தகம் என்று. வயது ஏற ஏறத்தான் 'அவருக்கு என்ன தேவைப்படும்' என்று யோசிக்கிற பதில்கள் கூடின. பிற்பாடு அமெரிக்கா, பிரேசில், சீனா போன்ற நாடுகளிலும் இதே கேள்விகளைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், இந்த ஒரு நகர்வுக்குத்தான் பெரியவர்கள் கைகொடுக்க வேண்டும். எனக்குப் பிடித்ததிலிருந்து அவருக்கு வேண்டியதற்கு. "தாத்தா எதைத் தேடித் தேடி அலையறார்?" என்று கேளுங்கள். கண்ணாடிக் கூடு, பல் செட் டப்பா, செருப்பு என்று அவளே சொல்வாள். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் பாட்டி ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக் கொடுத்துச் சம்பாதிப்பவர், கண் மங்கல். இவன் காலையில் ஊசிகளில் நூல் கோத்து, முடிச்சுப் போட்டு, பழைய காலண்டர் அட்டையில் வரிசையாகக் குத்திவைத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். மஞ்சள் ரவிக்கை அதிகம் வந்தால் மஞ்சள் நூல் அதிகம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாட்டி ஊசியைக் கண்ணருகே வைத்துக் குத்துமதிப்பாக நூலை நீட்டுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டவன் அவன்.

"ஒவ்வொரு உதவிக்கும் பத்து ரூபாய் கொடுக்கிறோம். இல்லாட்டி சார்ட்ல ஸ்டார் ஒட்டறோம். நல்லா வேலை செய்யுதே டீச்சர்?"

கொடுக்கிறவரை வேலை செய்யும். முன்னால் சொன்ன வார்னெக்கனும் டோமசெல்லோவும் 2008-ல் இருபது மாதக் குழந்தைகளிடம் இன்னொரு சோதனை செய்தார்கள். உதவியதற்குப் பரிசுப்பொருள் கொடுத்துப் பழக்கிய குழந்தைகள், பிறகு பரிசு நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாக உதவினார்கள். ஒன்றும் வாங்காத குழந்தைகள் தொடர்ந்து உதவிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பாக்கெட் மணி கொடுக்க நினைத்தால் அதைத் தனியாகக் கொடுங்கள், உதவியோடு முடிச்சுப் போடாதீர்கள். பரிசுக்குப் பதிலாக நடந்ததைச் சொல்லுங்கள்: "நீ வாளியோட கீழ நின்னதால அந்தக்கா இன்னிக்கு மாடி ஏறல." இதற்கு மேல் 'தங்கமே, வைரமே' எதுவும் வேண்டாம். ஏற்கெனவே ஸ்டார் ஒட்டிவருகிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் வேலைநிறுத்தம் நடக்கும். சார்ட் நிரம்பியதும் புதிதாக ஒன்று மாட்டாமல் விட்டுவிடுங்கள்.

"பொண்ணு கேக்காமலே செய்யறா. பையனைச் சொன்னா மாமியார் 'ஆம்பளப் பிள்ளைய ஏன் விரட்டற'ங்கறாங்க."

மாமியாரோடு சண்டை போடாமல் பாட்டியையே பேரனின் முதல் ஆளாக்கிவிடுங்கள். பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, கால் பிடித்துவிடுவது, சந்தைப் பையைத் தூக்கிவருவது. பேரன் செய்ததை அவரே நாலு பேரிடம் சொல்வார். அப்பா தட்டைக் கழுவி வைக்கிற வீட்டில் இந்தப் பிரச்சினையைப் பற்றி யாரும் என்னிடம் பேசியதில்லை.

"செய்யறான், ஆனா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுச் செய்யறான். விட்டுடலாமா?"

வீட்டு வேலையில் அவன் பங்கு என்று ஒன்று இருந்தால், முகம் எப்படி இருந்தாலும் அது நடக்கட்டும். நாமும் எல்லா நாளும் சிரித்துக்கொண்டா பாத்திரம் தேய்க்கிறோம்? ஆனால் அதை நன்றிக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது குடும்பத்தில் இருப்பவர் செய்யும் சாதாரண வேலை. நன்றிக்காகச் செய்வதை மட்டும் அவன் தேர்வுக்கு விடுங்கள். பட்டியல் பற்றி மேலே சொன்னேனே, அதில் யாரை எடுப்பது, என்ன செய்வது, எப்போது செய்வது மூன்றும் அவன் முடிவு. இந்த வாரம் ஒன்றும் தோன்றவில்லை என்றால் அடுத்த வாரம்.

"பிறந்தநாளைக்கு வருஷா வருஷம் குழந்தைகள் இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போய் கேக் வெட்டறோம். அதுல நன்றியுணர்வு வரும்தானே?"

வராது என்றுதான் நினைக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்கு அங்குள்ளவர்கள் வரிசையாக நின்று 'ஹேப்பி பர்த்டே' பாடவேண்டியிருக்கிறது. சோற்றுக்கு முன்னால் பாட்டு. உங்கள் பிள்ளை அங்கிருந்து 'நான் கொடுக்கிறவன், அவர்கள் வாங்குகிறவர்கள்' என்ற எண்ணத்தோடுதான் திரும்பும். கொடுக்க மனமிருந்தால் முதலில் போன் செய்து என்ன தேவை என்று கேளுங்கள். கேக் என்று சொல்ல மாட்டார்கள். சோப்பு, போர்வை, நாப்கின், ஜூன் மாதம் என்றால் நோட்டு என்று சொல்வார்கள். கொண்டுபோய் அலுவலக அறையில் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.

பிறந்தநாளன்று நன்றி சொல்வதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கன்வாடி டீச்சரைப் பாருங்கள், தடுப்பூசி போட்ட கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள். அங்கன்வாடியில் பிளாஸ்டிக் கட்டைகளும் பொம்மைகளும் எச்சில் படிந்து கிடக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் பரப்பிவிட்டு வரலாம். தான் விளையாடிய கட்டையை அடையாளம் கண்டுகொண்டால் பிள்ளைக்குத் தலைகால் புரியாது.

"போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டா நாலு பேர் பார்த்துச் செய்வாங்களே?"

இல்லத்துப் பிள்ளைகளைப் படம் எடுக்கவே வேண்டாம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காட்டும் படத்தையோ விவரத்தையோ ஊடகங்களில் வெளியிடுவதை 2015-ம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ம் பிரிவு தடை செய்கிறது. மற்றவர்கள் விஷயத்தில், கேமரா வந்தவுடன் பிள்ளை யாருக்கு உதவுகிறதோ அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு கேமராவைப் பார்க்கிறது. முதல் பதிலில் சொன்ன பொம்மைக் கதைதான்.

"நாங்க எவ்வளவு கஷ்டப்படறோம்னு சொல்லிக் காட்டினாத்தானே பிள்ளைக்கு நன்றி வரும்?"

கஷ்டத்தைக் காட்டலாம், சொல்லிக் காட்டக் கூடாது. அப்பா வேலை செய்யும் இடத்துக்கு ஒருநாள் கூட்டிப் போங்கள். பட்டறை, கடை, வயல், எதுவானாலும் பாதுகாப்பான தூரத்தில் ஒரு மணி நேரம் உட்காரட்டும். மாதக் கடைசியில் மளிகைச் சீட்டு போடும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "உனக்காகத்தான் என் வாழ்க்கையையே தியாகம் பண்ணேன்" என்று சொன்னால் பிள்ளைக்குக் குற்றவுணர்வு வரும். குற்றவுணர்வு வந்த பிள்ளை நம் கண்ணில் படாமல் இருக்கத்தான் பார்க்கும்.

"இது மொய் நோட்டு மாதிரி ஆகிடாதா? 'அவன் பென்சில் கொடுத்தான், நான் ரப்பர் கொடுத்துட்டேன், சரியாப் போச்சு'ன்னு பேசறான்."

எங்கள் பக்கம் மொய்யைக் குறைத்துப் பேச முடியாது. பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி மாதம் மொய் விருந்து வைத்து, வந்த பணத்தில் வீடு கட்டியவர்களும் கடை வைத்தவர்களும் இருக்கிறார்கள். யார் எவ்வளவு எழுதினார் என்று நோட்டில் இருக்கும், அவர் வீட்டு முறை வரும்போது கூடப் போட்டுத் திருப்ப வேண்டும். வாங்கியதை மறக்காமலிருக்க அது நன்றாகப் பழக்கும். பிள்ளை அந்தப் பாடத்தைப் படித்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நோட்டில் ஏறாத ஆட்கள் இருக்கிறார்கள். தெருவிளக்கு மாட்டியவருக்கு யார் மொய் எழுதுவது? மூன்று வருடம் மடியில் தூக்கி வைத்திருந்த ஆயாவுக்கு எத்தனை ரப்பர்? பிள்ளை "சரியாப் போச்சு" என்று சொல்லும்போது திருத்த வேண்டாம், இப்படி ஒரு கேள்வியைப் போட்டுவிடுங்கள். கணக்குப் போட்டுப் பார்ப்பான், வராது. திருப்பி அதே ஆளுக்கே கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

"என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் சமயத்துல ரத்தம் கொடுத்தவங்க யாருன்னே தெரியாது. அவங்களுக்கு எப்படிம்மா நன்றி சொல்றதுன்னு மக கேக்குறா."

பதினெட்டு வயதாகாமல் அவளால் ரத்தம் கொடுக்க முடியாது. ஆனால் நீங்கள் கொடுக்கலாம், அவள் உங்களைக் கொடுக்க வைக்கலாம். எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்கவேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். அடுத்த தேதியைக் காலண்டரில் வட்டம் போடும் பொறுப்பை மகளிடம் விடுங்கள். முந்தின நாள் நேரத்தோடு தூங்கச் சொல்லி விரட்டுவாள். முடிந்ததும் குடிக்க எந்த ஜூஸ் என்று அவளே முடிவு செய்யட்டும். ஆள் இறந்துபோயிருந்தாலும் ஊரைவிட்டுப் போயிருந்தாலும் இதே வழிதான்: அவர் நமக்குச் செய்ததை, அது தேவைப்படும் வேறொருவருக்குச் செய்வது.

"நமக்கு உதவினவர், பெரிய மனுஷர். அவர் வீட்டுக்குப் பிள்ளையை வேலைக்கு உதவியா அனுப்பச் சொல்றார். பிள்ளை போகமாட்டேன்னு அழுவுது. நன்றி கெட்டவங்கன்னு நினைப்பாங்களே?"

நினைத்தால் நினைக்கட்டும். நன்றிக்கடன் பெற்றோருடையது, அதை நீங்கள் தீருங்கள், பிள்ளையை அனுப்பாதீர்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை அடுத்தவர் வீட்டு வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், அழுகிற பிள்ளையிடம் தனியாக உட்கார்ந்து ஏன் என்று கேட்பது. உதவி செய்தவர் என்ற பெயரில் பிள்ளையை நெருங்குகிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் பெரும்பாலும் குடும்பத்துக்குத் தெரிந்தவராகவே இருக்கிறார்.

ஆகவே உதவி செய்யப் போகும்போது வீட்டுப் பெரியவர் யாராவது கூட இருக்க வேண்டும். நன்றிக்காகக் கட்டிப்பிடிக்கவோ முத்தம் கொடுக்கவோ மடியில் உட்காரவோ வேண்டியதில்லை, கொடுத்தவர் மாமாவாக இருந்தாலும் சரி. "யாருக்கும் சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அதை வீட்டில் உடனே சொல்லவேண்டும். இந்த மூன்றையும் உதவிப் பட்டியல் போடும் அதே நாளில் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைக்கலாம், எந்த நேரமானாலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. பிள்ளையே நேரடியாகவும் அழைக்கலாம் என்பதையும் சொல்லி வையுங்கள்.